அத்தை வீடு சேராத ஆட்டுத்தொடை

கம்பாலா பேருந்து நிலையம்,
பார்சல் கவுண்டர்,
வியாழக்கிழமை காலை.

மதிப்பும் மரியாதையும் நிறைந்த பெடரேசி அத்தை அவர்களின் முன்னால், உங்கள் தம்பி பௌலோவின் மூத்த மகள் ரெஸ்டி இரண்டு முழங்காலையும் தரையில் ஊன்றி எழுதிக்கொள்வது.

இரவு எப்படிக் கழிந்தது அத்தை? வீட்டில் எல்லோரும் சுகமா? வீட்டில் இல்லாதவர்களும் சுகமா? ஆடுகள் சுகமா? காற்றில் சாய்ந்த வாழைகள் நிமிர்ந்தனவா? மூட்டுவலி எப்படி இருக்கிறது? ஒவ்வொரு கேள்விக்கும் நீங்கள் "ம்ம்" சொன்னதாக எடுத்துக்கொண்டுதான் அடுத்த கேள்வியை எழுதினேன். இங்கே நான் சுகம். கல்யாண வேலையாக வந்து என் அறையில் தங்கியிருக்கிற அப்பாவும் சுகம், ஆனால் பேசுவதில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், என் முழங்கால் தரையில் இல்லை. கவுண்டருக்குப் பின்னால் மூன்று மூட்டை கருவாடும் யாரோ கபாலேக்கு அனுப்புகிற கார்க் கதவும் கிடக்கின்றன, கால் வைக்கவே இடமில்லை. ஆகவே முக்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். மனதுக்குள் மண்டியிட்டிருக்கிறேன், நம்புங்கள்.

தொலைபேசியில் பேசியிருக்கலாமே என்று கேட்பீர்கள். மூன்று வாரமாக நான் கூப்பிடும்போதெல்லாம் எடுக்கிறீர்கள், என் குரலைக் கேட்டதும் "ஹலோ, ஹலோ, ஒண்ணுமே கேக்கல, இங்க மழை" என்று வைத்துவிடுகிறீர்கள். வானொலியில் உங்கள் பக்கம் ஒரு சொட்டு மழை இல்லை என்கிறார்கள். அதனால்தான் கடிதம். கண்டக்டர் கிவும்பியிடம் இதையும், இரண்டு கிலோ சர்க்கரையும், ஒரு நீள ரொட்டியும் கொடுத்தனுப்புகிறேன். நீங்கள் கடைசி வரிவரை படித்து முடிக்காமல் அவர் உங்கள் வாசலைவிட்டு நகரக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன். பேருந்து அதுவரை சாலையில் நிற்கும். உள்ளே அறுபது பேர் இருப்பார்கள், கொஞ்சம் வேகமாகப் படியுங்கள் அத்தை.

நகரம் என்னைக் கெடுத்துவிட்டது என்று நீங்கள் அப்பாவிடம் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். கெடுக்கவில்லை அத்தை. தூக்கத்தைக் கொஞ்சம் கெடுத்திருக்கிறது, அவ்வளவுதான். நகரத்து ஓரம் கிரேக்காவில் என் அறை வரிசையில் நாலாவது. இடப்பக்கத்து அறைக்காரர் விடிவதற்கு முன்பே சத்தம் போட்டு ஜெபிப்பார், வலப்பக்கத்து அறைக்காரர் அந்த ஜெபம் காதில் விழக்கூடாது என்று வானொலியைத் திருகுவார், எதிரே சப்பாத்தி போடுகிற பெண் இரண்டு பேரையும் திட்டுவாள், இந்த மூன்று சத்தமும் சேர்ந்தால் மணி ஐந்தரை என்று அர்த்தம், எனக்குக் கடிகாரமே தேவையில்லை. மழை பெய்தால் எங்கள் தெரு ஆறாகிவிடும். அப்போது நாலு வாலிபர்கள் வந்து வேலைக்குப் போகிறவர்களை முதுகில் சுமந்து அக்கரையில் விடுவார்கள். போன மாதம் நானும் ஒருவன் முதுகில் ஏறினேன், பாதி ஆற்றில் அவன் "அக்கா, நீங்க பார்சல் கவுண்டர் அக்காதானே, என் பார்சல் இன்னும் வரலையே" என்று நின்றுவிட்டான். பார்சல் வந்து சேரும் என்று வாக்குக் கொடுத்த பிறகுதான் மறுபடி நடந்தான். வேனில் ஏறினால் நெரிசலில் ஒன்றரை மணி நேரம். ஆனால் சன்னல் வழியாகவே தக்காளி, சோப்பு, எலி மருந்து, காலுறை எல்லாம் வந்துவிடும், வீடு போய்ச் சேர்வதற்குள் கடை வேலை முடிந்திருக்கும். எனக்கு இதெல்லாம் பிடித்திருக்கிறது, என்ன செய்ய? இந்தக் கவுண்டரும் பிடித்திருக்கிறது. நாடு முழுக்க யார் யாருக்கோ அனுப்புகிற பாசமெல்லாம் கயிறு கட்டி என் கை வழியாகத்தான் போகிறது. முடிச்சைப் பார்த்தே அனுப்பியது அம்மாவா, கடன்காரனா என்று என்னால் சொல்ல முடியும்.

லாமெக்கையும் முடிச்சு வைத்துத்தான் கண்டுபிடித்தேன். இதை ஒரு வருடம் முன்பே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும், என் தப்பு, முதல் மன்னிப்பு இதற்கு. அவர் குளிர்சாதனப் பெட்டி பழுது பார்க்கிறவர். ஒரு நாள் ஒரு மோட்டாரை முபெண்டேவுக்கு அனுப்பக் கொண்டுவந்தார், கட்டியிருந்த கட்டைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இது முபெண்டே போகாதுங்க, அடுத்த தெருகூடப் போகாது" என்றேன். அவிழ்த்துக் கட்டிக் கொடுத்தேன். அடுத்த வாரமும் வந்தார், அதைவிட மோசமான கட்டோடு. வேண்டுமென்றே கட்டியது என்று அப்போதே தெரிந்துவிட்டது. நவம்பர் மாதம், ஊரே வெட்டுக்கிளி வறுத்துத் தின்றுகொண்டிருந்த நேரம். மரியாதைக்கு என் கையிலிருந்த பொட்டலத்தை நீட்டினேன். மனுஷர் இரண்டடி பின்னால் போய்விட்டார். "ஐயோ, வேண்டாங்க. அதுல இருக்கிறது எல்லாம் எங்க சொந்தக்காரங்க" என்றார். வெட்டுக்கிளி குலம், அத்தை! குலச் சின்னத்தை அவர்கள் தொடக்கூட மாட்டார்கள் இல்லையா? எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அதைச் சரிக்கட்ட அவர் என்னைச் சாப்பிடக் கூட்டிக்கொண்டு போனார், போன இடத்தில் பெரிய மனதோடு எனக்குச் சொன்னது காளான் குழம்பு. நாம் காளான் குலம் என்று அவருக்கு எப்படித் தெரியும்? "இப்ப இது என் சொந்தக்காரங்க" என்றேன். கடைசியில் இரண்டு பேரும் தெருவோரம் நின்று முட்டை சுருட்டிய சப்பாத்தி தின்றோம். ஆகவே அத்தை, நீங்கள் முதலில் கேட்கிற கேள்விக்குப் பதில் இதோ, அவர் குலம் வேறு, நம் குலம் வேறு, தாராளமாகக் கட்டலாம்.

மாப்பிள்ளையை அத்தைதான் கண்டுபிடித்துக் கொண்டுவந்தாள் என்று அறிமுகச் சடங்கில் ஊர் முன்னால் சொல்வது நம் வழக்கம். நானாகக் கண்டுபிடித்துவிட்டேன் என்பது உங்களுக்குக் குத்தும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் முறைப்படி முதலில் உங்கள் வீட்டுக்கு அவரை அனுப்பி, உங்கள் வாயால் "சரி" வாங்கி, பிறகுதான் அப்பாவிடம் போவது என்று முடிவு செய்து, அவர் வருகிற நாளையும் உங்களுக்குச் சொன்னேன். அங்கேதான் எல்லாம் கோணலாகிப் போனது.

லாமெக் வீட்டார் சடங்குக்காக ஒரு பேச்சுக்காரரை அமர்த்தியிருக்கிறார்கள், கசோசி என்று பெயர். சடங்குகளில் மாப்பிள்ளை பக்கம் பேசிப் பேசியே பெயர் வாங்கியவர். அவர் லாமெக்கை உட்காரவைத்து ஒரு மாலை முழுக்கப் பாடம் எடுத்திருக்கிறார். "தம்பி, நேரடியாப் பேசுறவன் நாகரிகம் தெரியாதவன். பொண்ணு பேரைச் சொல்லாதே. அத்தை பேரை வாயிலயே எடுக்காதே, பெரியவங்க பேரைச் சொல்லி வீடு கேட்டா அன்னைக்கே உன்னை மதிக்க மாட்டாங்க. 'அத்தை வீடு எது'ன்னு மட்டும் கேளு. உள்ள போனதும், 'உங்க தோட்டத்துல ஒரு வாழைக்குலை பார்த்தேன், மனசு அங்கயே நின்னுபோச்சு'ன்னு ஆரம்பி." லாமெக் அத்தனையையும் நோட்டுப் புத்தகத்தில் எழுதி மனப்பாடம் செய்துகொண்டார். உங்கள் பெயரை நான் தாளில் எழுதிக் கொடுத்திருந்தேன். மரியாதைக்காக அதை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார், அத்தை.

அன்று அவர் கோட்டுப் போட்டுக்கொண்டு, ஒரு முழு ஆட்டுத்தொடை, சர்க்கரை, சோப்பு, உங்களுக்குக் கோமேசி உடை தைக்கத் துணி எல்லாம் எடுத்துக்கொண்டு கிளம்பினார். பேருந்து சதுப்பு நிலத்துப் பக்கம் மீன் வாங்க நின்றது, மீன் வாங்கியவர் அதை இவர் தலைக்கு மேலே கட்டித் தொங்கவிட்டார், லுக்காயாவில் யாரோ சுட்ட இறைச்சிக் குச்சியைச் சன்னல் வழியாக நீட்டி இவர் காதில் குத்தினார். எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டு கித்தெரெதே நிறுத்தத்தில் இறங்கினார். அங்கே ஊதாக் கோமேசி கட்டிய ஒரு அம்மா, தலையில் ஒரு கட்டு வாழையிலையோடு ஓட்டமும் நடையுமாக வந்திருக்கிறார். இவர் அங்கேயே குந்தி வணங்கி, "அம்மா, அத்தை வீடு எது?" என்று கேட்டிருக்கிறார். அந்த அம்மா நிற்கக்கூட நேரமில்லாமல் கையைக் காட்டி, "நேராப் போ, பலாமரத்துக்கிட்ட இடப்பக்கம் திரும்பு, நீல வாசக்கதவு" என்றவர், இரண்டடி போய்த் திரும்பி வந்து, "இப்படியா போவே? காலரு ஒரு பக்கம் தூக்கிக்கிட்டு நிக்குது" என்று இலைக்கட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் இவர் கோட்டுக் காலரை இழுத்துச் சரிசெய்துவிட்டுப் போயிருக்கிறார். கிராமத்து ஜனங்கள் எவ்வளவு நல்லவர்கள் என்று லாமெக் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நீலக் கதவு யாருடையது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இரட்டைப் பிள்ளை பெற்ற நலோங்கோ அம்மா வீடு. உங்கள் ஊரில் கல்யாணத்துக்கு முன்னால் பெண்களும் பையன்களும் புத்தி கேட்கப் போகிற இடம் அதுதானே, அந்த அம்மாவைத்தானே சின்னப் பிள்ளை முதல் பாதிரியார் வரை அத்தை என்கிறார்கள்? லாமெக் போய் உட்கார்ந்து, "உங்க தோட்டத்துல ஒரு வாழைக்குலை பார்த்தேன்" என்று ஆரம்பித்திருக்கிறார். நலோங்கோ அம்மா கண் கலங்கிவிட்டாராம்.

"எந்தக் குலைன்னு நான் கேக்க மாட்டேன். கேட்டா மரியாதை இல்ல. எனக்கு அண்ணன் தம்பி ஒன்பது பேரு, தோட்டம் பெருசு. நீ என்ன குலம்?"

"வெட்டுக்கிளிங்க."

"நாங்க வேற குலம். போதும்."

அவ்வளவுதான் விசாரணை. தொடையை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, புருஷன் என்பவன் எப்படி இருக்க வேண்டும் என்று மூன்று மணி நேரம் பேசியிருக்கிறார். கோழி, மத்தோக்கே வாழைக்காய், நிலக்கடலைக் குழம்பு என்று சாப்பாடும் போட்டு, தலையில் கை வைத்து ஆசீர்வதித்தும் அனுப்பிவிட்டார். அன்று ராத்திரி லாமெக் வாயெல்லாம் பல்லாகக் கவுண்டருக்கு வந்தார்.

"ரெஸ்டி, உங்க அத்தைக்கு என்னை ரொம்பப் பிடிச்சுப்போச்சு. அவங்க ரெட்டைப் பிள்ளைங்க போட்டோகூடக் காட்டினாங்க."

"எந்த ரெட்டை?"

"அவங்க பெத்த ரெட்டை. ரெண்டு ஜோடி."

என் அத்தைக்கு ஒரே ஒரு பிள்ளை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அப்போதுதான் அப்பா தொலைபேசியில் கூப்பிட்டு, விடிந்ததிலிருந்து நீங்கள் பட்ட பாட்டைச் சொன்னார். காற்றில் உங்கள் தோட்டத்து இலையெல்லாம் கிழிந்து கிடக்க, கிழியாத இலை தேடி ஊரெல்லாம் ஓடியது, மாப்பிள்ளைக்கென்று வளர்த்த சேவலை அடித்து அந்த இலையில் பொதிந்து லுவோம்போ அவித்தது, நல்ல பாயை விரித்து இருட்டும் வரை வாசலைப் பார்த்தே உட்கார்ந்திருந்தது, கடைசியில் அந்தச் சேவலைப் பக்கத்து வீட்டு எசேரிக்குக் கொடுத்தனுப்பியது. "நகரம் கெடச்சவளுக்கு அத்தை எதுக்கு? நகரமே அவளைக் கட்டிக் குடுக்கட்டும்" என்று நீங்கள் சொன்னதையும் சொன்னார். நான் அந்தக் கருவாட்டு மூட்டை மேலேயே உட்கார்ந்து அழுதேன் அத்தை. நாலு பேர் வரிசையில் நின்றிருந்தார்கள். இரண்டாவது மன்னிப்பு அந்தச் சேவலுக்கு, மூன்றாவது நீங்கள் உட்கார்ந்திருந்த அந்தப் பாய்க்கு.

மறுநாளே விடுப்புப் போட்டு உங்கள் கால் பிடிக்க வந்தேன். பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரி மடியில் ஒரு கோழி, அது நாலு மணி நேரமும் என் கைக்கடிகாரத்தைக் கொத்திக்கொண்டே வந்தது. இருந்தாலும் எனக்குப் பயணம் பிடிக்கும். ஊர் ஊராக மூட்டைகளை ஏற்றி அனுப்புகிறவளுக்கு என்றாவது ஒரு நாள் தானே மூட்டையாகிப் போவதில் ஒரு சுகம் இருக்கத்தான் செய்கிறது. உங்கள் வாசலுக்கு வந்தால் கதவு சாத்தியிருந்தது. வாசலில் உங்கள் செருப்பு. எசேரி ஓடி வந்தாள்.

"அவங்க மசாக்கா போயிட்டாங்களே ரெஸ்டி."

"செருப்பு இங்க இருக்கே?"

"புதுச் செருப்புப் போட்டுக்கிட்டுப் போனாங்க."

அப்போது உள்ளே இருந்து ஒரு இருமல்.

"அது யாரு?"

"ஆடு" என்றாள் எசேரி, கண்ணைக்கூடச் சிமிட்டாமல். "ஆட்டுக்குச் சளி."

ஒரு மணி நேரம் படியில் உட்கார்ந்திருந்தேன். ஆடு இரண்டு முறை இருமியது, ஒரு முறை "ஆண்டவரே" என்றது. கைப்பையில் இருந்த இருமல் மருந்தை எசேரியிடம் கொடுத்து, ஆட்டுக்குக் காலை மாலை ஒரு மூடி கொடுக்கச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஆட்டுக்கு இப்போது தேவலையா அத்தை?

இதற்கிடையில் நலோங்கோ அம்மா சும்மா இருக்கவில்லை. நடந்ததைச் சொன்னதும் சிரி சிரி என்று சிரித்தார். ஆனால் சிரித்து முடித்ததும், "தொடையைத் தின்னுட்டேனே. தின்னுட்டு வேலை செய்யாம இருந்தா அது திருட்டு இல்லையா?" என்று கேட்டார். போன ஞாயிறு எங்கள் கல்யாணக் குழுக் கூட்டம், கிரேக்காவில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில். இருபது பேர் குழந்தைகளின் பெஞ்சுகளில் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்து, கூடாரத்துணி மஞ்சளா பச்சையா என்று இரண்டு மணி நேரம் சண்டை போட்டோம். என்னைப் பேச விடவில்லை, கல்யாணப் பெண்ணுக்கு என்ன தெரியும் என்றார்கள். மஞ்சள் ஜெயிக்கிற நேரத்தில் நலோங்கோ அம்மா ஒரு வாழைக்குலையோடு உள்ளே வந்து, அத்தைக்கென்று காலியாக வைத்திருந்த நாற்காலியில் அமைதியாக உட்கார்ந்தார்.

அப்பா எழுந்துவிட்டார். "எனக்கு அக்கா ஒருத்திதான். இவங்க யாரு?"

"நீங்க கூப்பிடாத அக்கா" என்றார் நலோங்கோ அம்மா. "உங்க நிஜ அக்கா வந்தா எந்திரிச்சிடறேன். வரலைன்னா மாப்பிள்ளை வாசல்லயே நிக்கணுமா?"

கசோசி உடனே அது நல்ல யோசனை என்றார். அந்த நல்ல யோசனையால்தான் அப்பா பேசுவதை நிறுத்தினார். அறைக்கு வந்ததும் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். "என் அக்கா கூட்டிக்கிட்டு வராத ஆளு என் வாசப்படி ஏற மாட்டான். வெள்ளிக்கிழமைக்குள்ள பெடரேசிகிட்ட இருந்து பதில் வரலைன்னா, சடங்கு இல்லன்னு எல்லாருக்கும் சொல்லிடறேன்." வெள்ளிக்கிழமை என்பது நாளைதான் அத்தை. சடங்கு அடுத்த சனிக்கிழமை. கூடாரம் சொல்லியாயிற்று, மஞ்சள்.

நலோங்கோ அம்மா நல்லவர். தினமும் தொலைபேசியில் கூப்பிட்டு, புருஷன் கோபமாக வந்தால் முதலில் தண்ணீர் கொடு, பேச்சைப் பிறகு கொடு என்று சொல்லித் தருகிறார். ஆனால் எனக்கு நீங்கள்தான் வேண்டும். இதைச் சுற்றிவளைத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை, கசோசி கேட்டால் என்னை நாகரிகம் தெரியாதவள் என்பார். பள்ளி முடித்து நான் முதன்முதலாகக் கம்பாலா வந்தபோது கூட வந்தது நீங்கள். சாலையைக் கடக்கப் பயந்து இரண்டு பேரும் ஒரே இடத்தில் கைகோத்துக்கொண்டு அரை மணி நேரம் நின்றோமே, கடைசியில் ஒரு மாட்டுக் கூட்டத்தோடு சேர்ந்து கடந்தோமே, அதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. என் அறையில் ஒரே கட்டிலில் மூன்று நாள் என்னோடு படுத்திருந்துவிட்டுத்தான் ஊருக்குப் போனீர்கள். அந்தத் துணிவில்தான் இத்தனை வருடமும் இங்கே இருக்கிறேன். இன்னொன்று, கோமேசிக்கு மேல் கட்டுகிற இடுப்புப் பட்டு. டிக்கெட் கவுண்டர் ஜோவியாவின் சடங்கில் அழகு நிலையத்துக்காரி கட்டிவிட்ட பட்டு, இருநூறு பேர் முன்னால் அவள் மண்டியிட்ட நேரம் பார்த்து அவிழ்ந்து, அவள் பாட்டுக்கு எழுந்து நடக்க, அது மட்டும் பாயிலேயே கிடந்தது. எந்த முடிச்சையும் என்னால் போட முடியும், ஆனால் என் இடுப்புப் பட்டை நீங்கள் கட்டினால்தான் நான் நிம்மதியாக மண்டியிட முடியும்.

இதோடு ஒரு புகைப்படம் வைத்திருக்கிறேன். அழைப்பிதழில் அத்தை படம் போட வேண்டும் என்று அச்சகத்தில் கேட்டார்கள். நேற்று அப்பா ஒரு வார்த்தையும் பேசாமல் பெட்டியைத் திறந்து இதை எடுத்து மேசையில் வைத்தார். போன ஈஸ்டருக்கு எடுத்தது. சரியாக இருக்கிறதா பார்த்துச் சொல்லுங்கள். நீங்கள் வரவில்லையென்றால் அந்த இடத்தைக் காலியாக விடச் சொல்லியிருக்கிறேன், வேறு யார் படமும் அங்கே வராது.

ஆகவே அத்தை, ஒரு வருடம் மறைத்ததற்கும், உங்கள் பெயர் எழுதிய தாளை அவர் கையில் திணித்து அனுப்பாமல் விட்டதற்கும், தொடை வழிமாறியதற்கும், சேவலுக்கும், பாய்க்கும், எல்லாவற்றுக்கும் என்னை மன்னித்துவிடுங்கள். தப்பு முழுக்க எங்களுடையது, உங்கள் பக்கம் ஒரு மயிரிழைத் தப்பும் இல்லை. ஆண்டவர் உங்கள் மூட்டுக்களைக் காக்கட்டும், வாழைகளை நிமிர்த்தட்டும், எசேரிக்குப் பொய் சொல்லாத நாக்கைத் தரட்டும். ஆடுகளுக்கு, முக்கியமாகச் சளி பிடித்த ஆட்டுக்கு, என் வணக்கம்.

உங்கள் மகளாகவே வளர்ந்த,
ரெஸ்டி

பின்குறிப்பு: அத்தை, உறையை ஒட்டப் போனேன், அதற்குள் லாமெக் கவுண்டருக்கு வந்தார். கையில் வழக்கம்போல் ஒழுங்காகக் கட்டாத ஒரு பார்சல். மேசையில் கிடந்த உங்கள் படத்தை எடுத்துப் பார்த்தார். பார்த்தவர் பேயறைந்தது போல நின்றுவிட்டார்.

"ரெஸ்டி, இவங்க யாரு?"

"அத்தை. இனிமேலாவது நல்லாப் பார்த்து வச்சுக்கோங்க."

"நான் பார்த்திருக்கேன். அந்த ஊதாக் கோமேசி. இலைக்கட்டு. நீலக் கதவுன்னு கை காட்டினது இவங்கதான். என் காலரைச் சரிபண்ணினது இவங்கதான்!"

அத்தை, எந்த இலையைத் தேடி நீங்கள் ஓடினீர்களோ அந்த இலையில் சாப்பிட வந்தவர்தான் அவர். அவரை நிறுத்தி, சட்டை திருத்தி, நீங்களே கைகாட்டி அனுப்பிவிட்டு, வீட்டுக்குப் போய்ப் பாய் விரித்து உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆகவே மேலே நான் கேட்ட மன்னிப்புகளில் ஒரு வருடம் மறைத்ததற்கான முதலாவது மட்டும் உங்களிடமே இருக்கட்டும். மற்றதையெல்லாம் திருப்பி வாங்கிக்கொள்கிறேன். மயிரிழையைப் பற்றி எழுதிய வரியை அடித்துவிட்டுப் படியுங்கள்.

இன்னொன்றும் கேட்கிறேன், கோபிக்காதீர்கள். இரண்டாம் நாளே நலோங்கோ அம்மா வீட்டுக்கு யார் வந்துபோனார்கள் என்று ஊரெல்லாம் பேச்சாகியிருக்கும். அன்று நான் படியில் உட்கார்ந்திருந்தபோது நீங்கள் கதவைத் திறக்காமல் இருந்தது கோபத்தாலா, வெட்கத்தாலா? பதில் சொல்ல வேண்டாம். அப்பாவிடம் சொல்ல மாட்டேன். கசோசியிடம் சொன்னால் சடங்கில் மேடைபோட்டுப் பேசிவிடுவார், ஆகவே அவரிடமும் சொல்ல மாட்டேன். மாப்பிள்ளைக்கு வழிகாட்டியது அத்தைதான் என்று அடுத்த சனிக்கிழமை எல்லோர் முன்னாலும் சொல்வார்கள், அப்போது நாம் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருந்தால் போதும். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இருக்காது.

ரொட்டியும் சர்க்கரையும் கடிதமும் கொண்டுவந்து இப்போது உங்கள் முன்னால் நிற்கிறவர் கிவும்பி இல்லை. கிவும்பி பேருந்திலேயே அந்த அறுபது பேரோடு உட்கார்ந்திருக்கிறார். இவர் இந்த முறை யாரிடமும் வழி கேட்கவில்லை. கொஞ்சம் நிமிர்ந்து பாருங்கள் அத்தை. காலர் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். நான்தான் அப்படியே போகச் சொன்னேன். நீங்கள் வருவதாக இருந்தால் பதில் எழுத வேண்டாம், தொலைபேசி வேண்டாம், மழையில் அது உங்களுக்குக் கேட்காது. அந்தக் காலரை மட்டும் இழுத்துச் சரிசெய்து திருப்பி அனுப்புங்கள். மாலையில் அவர் பேருந்தைவிட்டு இறங்கும்போது நான் முதலில் அதைத்தான் பார்ப்பேன்.